ஆக்கச் சிந்தனையும் உணர்ச்சி ஒழுங்குபடுத்தலும்

உணர்ச்சி ஒழுங்குபடுத்தல் என்பது அச்சம், சினம், துயரம், வெட்கம் போன்ற உணர்ச்சிகளின் வலிமையையும், அவை நீடிக்கும் நேரத்தையும், வெளிப்படும் விதத்தையும் மாற்றுவதற்கு ஒருவர் மேற்கொள்ளும் முயற்சிகளைக் குறிக்கும் உளவியல் சொல் ஆகும். ஆக்கச் சிந்தனை என்பது ஒரு பொருளையோ நிகழ்வையோ வழக்கமான ஒரே கோணத்தில் காணாமல், புதியதும் பயனுள்ளதுமான வேறு கோணங்களைக் கண்டறியும் திறன். இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தை உளவியலாளர்கள் மறுமதிப்பீடு என்கின்றனர். நடந்த நிகழ்வை மாற்ற இயலாதபோதும், அதற்குக் கொடுத்த பொருளை மாற்றினால் அது எழுப்பும் உணர்ச்சியும் மாறும் என்பது இதன் அடிப்படை.

ஆக்கச் சிந்தனை என்றவுடன் ஓவியம், இசை, கவிதை ஆகியவையே நினைவுக்கு வருவதுண்டு. அவை உணர்ச்சிகளுக்கு உதவுவது உண்மையே. ஆனால் கலைப்பயிற்சி எதுவும் இல்லாதவருக்கும் இத்திறன் உண்டு. "இது ஏன் நடந்தது?" என்ற கேள்விக்கு மனம் முதலில் தரும் விடையோடு நின்றுவிடாமல், இரண்டாவது, மூன்றாவது விடைகளையும் தேடுவதே அதன் எளிய வடிவம்.

உணர்ச்சியும் அதன் பின்னுள்ள பொருளும்

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். அலுவலகத்திலிருந்து வீடு திரும்பிய ஒருவருக்கு இரவு எட்டு மணிக்கு மேலாளரிடமிருந்து குறுஞ்செய்தி வருகிறது: "நாளை காலை வந்ததும் என்னைப் பாருங்கள்." அதில் வேறு விவரம் எதுவும் இல்லை. அவருடைய நெஞ்சு படபடக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை. அவரை வருத்துவது அந்தச் சில சொற்கள் அல்ல. "வேலை போகப்போகிறது" என்று மனம் அச்சொற்களுக்குக் கொடுத்த பொருளே அவரை வருத்துகிறது. அதே செய்தியைப் பதவி உயர்வை எதிர்பார்த்திருக்கும் ஒருவர் பெற்றிருந்தால் அவருக்கும் தூக்கம் வந்திருக்காது. ஆனால் காரணம் வேறாக இருந்திருக்கும்.

நிகழ்வுக்கும் உணர்ச்சிக்கும் இடையே "மதிப்பிடல்" என்ற படி ஒன்று உள்ளது என்பதை அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் லாசரசும் அவருடைய குழுவினரும் 1960களில் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ந்தனர். 1964இல் வெளியான அவர்களது ஆய்வில், ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் சடங்கு ஒன்றில் இளைஞர்களின் உடலில் வெட்டு செய்யப்படுவதைக் காட்டும் படம் பயன்படுத்தப்பட்டது. படம் ஒன்றே, அதனுடன் ஒலித்த விளக்கவுரைகள் வேறு வேறு. ஒன்று வலியையும் கொடுமையையும் அழுத்திச் சொன்னது. இன்னொன்று வலி பெரிதல்ல, இளைஞர்கள் இதை விரும்பி ஏற்கின்றனர் என்றது. மற்றொன்று பண்பாட்டு ஆய்வாளரின் நடையில் விலகி நின்று விளக்கியது. பார்வையாளர்களின் இதயத் துடிப்பும் தோலின் மின்கடத்தலும் அளக்கப்பட்டன. கொடுமையை அழுத்திய உரையைக் கேட்டவர்களைவிட மற்ற இரு உரைகளைக் கேட்டவர்களின் உடல் குறைவாகவே கலங்கியது. கண்ட காட்சி மாறவில்லை. அதற்குக் கிடைத்த பொருள் மட்டுமே மாறியது.

இக்கருத்து உளமருத்துவத்திலும் வேரூன்றியது. ஆல்பர்ட் எல்லிஸ் 1950களிலும் ஆரன் பெக் 1960களிலும் வளர்த்தெடுத்த சிகிச்சை முறைகள், துன்பத்துக்குப் பின்னால் தாமாக எழும் எண்ணங்களைக் கண்டறிந்து, அவற்றைச் சோதித்து, வேறு விளக்கங்களை எடைபோட நோயாளிக்குப் பயிற்சி தருகின்றன. இன்று பரவலாக வழங்கப்படும் அறிதல் நடத்தைச் சிகிச்சை இவ்வழியில் வந்ததாகும்.

உணர்ச்சியை மாற்றக்கூடிய ஐந்து இடங்கள்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸ் 1998இல் முன்வைத்த மாதிரி, ஓர் உணர்ச்சி உருவாகும் பாதையில் ஐந்து இடங்களில் தலையிட இயலும் என்கிறது. மேற்கண்ட குறுஞ்செய்தி எடுத்துக்காட்டில் அவை பின்வருமாறு அமையும்.

முதலாவது, சூழலைத் தேர்ந்தெடுத்தல்: இரவு ஏழு மணிக்குப் பின் அலுவலகச் செய்திகளைப் பார்ப்பதில்லை என்று முன்னரே வைத்துக்கொள்வது. இரண்டாவது, சூழலை மாற்றுதல்: "எது குறித்து என்று தெரிந்தால் தயாராக வருவேன்" என்று பதில் அனுப்புவது. மூன்றாவது, கவனத்தைத் திருப்புதல்: சமையலிலோ பிள்ளைகளின் வீட்டுப்பாடத்திலோ மனத்தைச் செலுத்துவது. நான்காவது, பொருளை மாற்றுதல்: செய்திக்கு வேறு விளக்கங்களைக் காண்பது. ஐந்தாவது, எழுந்துவிட்ட உணர்ச்சியின் வெளிப்பாட்டைக் கையாளுதல்: மூச்சை நிதானமாக விடுவது, அல்லது ஒன்றும் நடவாததுபோல் முகத்தை வைத்துக்கொள்வது.

இவற்றுள் நான்காவது இடமே மறுமதிப்பீடு. ஆக்கச் சிந்தனைக்கு அதிக வேலை இருப்பதும் இங்குதான்.

அடக்குதலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் உள்ள வேறுபாடு

உணர்ச்சியைக் கட்டுப்படுத்துவது என்றால் அதை வெளியே காட்டாமல் இருப்பது என்றே பல வீடுகளில் சொல்லித் தரப்படுகிறது. அழும் சிறுவனிடம் "ஆம்பிளப் பிள்ளை அழலாமா?" என்று கேட்பதும், கோபப்படும் சிறுமியிடம் "பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு கோபம் ஆகாது" என்பதும் இவ்வகை. உளவியலில் இது அடக்குதல் எனப்படும்.

கிராஸ் 1998இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கை துண்டிக்கப்படும் அறுவை சிகிச்சையைக் காட்டும் படம் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டப்பட்டது. ஒரு பிரிவினர், உணர்ச்சியே எழாத வண்ணம் மருத்துவத் தொழில்நுட்பக் கண்ணோடு அதைப் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டனர். இன்னொரு பிரிவினர், எதை உணர்ந்தாலும் முகத்தில் காட்டக்கூடாது என்று கேட்டுக்கொள்ளப்பட்டனர். முதல் பிரிவினருக்கு அருவருப்பு உணர்வே குறைந்தது. இரண்டாம் பிரிவினரின் முகம் அமைதியாக இருந்தது. ஆனால் உள்ளே உணர்ந்த அருவருப்பு குறையவில்லை, உடலின் கிளர்ச்சியோ கூடியது. உணர்ச்சியை அடக்கிக்கொண்டிருக்கும்போது எதிரில் நடப்பவற்றை நினைவில் வைக்கும் திறனும் குறைகிறது எனப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. முகத்தைக் காவல் காப்பதும் மனத்துக்கு ஒரு வேலையே.

ஆக்கச் சிந்தனை எங்கே தேவைப்படுகிறது

"வேறு விதமாக நினைத்துப் பார்" என்று சொல்வது எளிது. அந்த வேறு விதம் உடனே தோன்றாததே இடர்ப்பாடு. கலங்கிய மனம் முதலில் கிடைத்த பொருளை இறுகப் பற்றிக்கொள்கிறது.

இத்தகைய பற்றுதல் உணர்ச்சிகளில் மட்டுமன்றிப் பொதுவான சிந்தனையிலும் உண்டு. ஜெர்மானிய உளவியலாளர் கார்ல் டங்கர் வடிவமைத்த மெழுகுவர்த்திப் புதிர் இதற்குப் புகழ்பெற்ற சான்று. ஒரு மெழுகுவர்த்தி, தீக்குச்சிகள், ஒரு பெட்டி நிறையக் குத்தூசிகள் ஆகியவை தரப்படும். மெழுகுவர்த்தியைச் சுவரில் பொருத்தி எரியவிட வேண்டும். பெட்டியைக் காலிசெய்து, குத்தூசியால் சுவரில் பொருத்தி, அதன்மேல் மெழுகுவர்த்தியை நிறுத்துவதே தீர்வு. பெட்டி "குத்தூசி வைக்கும் இடம்" என்ற பொருளிலேயே கண்ணுக்குத் தெரிவதால் பலருக்கு அது தாங்கியாகத் தோன்றுவதில்லை. குறுஞ்செய்தி "வேலை போகும் அறிகுறி" என்ற பொருளிலேயே தெரிவதும் இத்தகையதே.

இந்த இறுக்கத்தைத் தளர்த்தும் சிந்தனையை ஜே. பி. கில்ஃபோர்டு விரிசிந்தனை என்று பிரித்துக் காட்டினார். அமெரிக்க உளவியல் கழகத்தின் தலைவராக அவர் 1950இல் ஆற்றிய உரை, ஆக்கத்திறன் குறித்த நவீன ஆய்வுகளுக்குத் தொடக்கமாகக் கருதப்படுகிறது. சரியான ஒரே விடையை நோக்கிச் செல்வது குவிசிந்தனை. ஒரு கேள்விக்குப் பல விடைகளைப் பெருக்குவது விரிசிந்தனை. ஒரு செங்கல்லை எத்தனை விதமாகப் பயன்படுத்தலாம் என்று கேட்பது விரிசிந்தனையை அளக்கும் பழைய சோதனைகளுள் ஒன்று. விடைகளின் எண்ணிக்கையும், அவை எத்தனை வகைகளில் அடங்குகின்றன என்பதும் கணக்கிடப்படும்.

இதே முறையை உணர்ச்சிச் சூழல்களுக்குப் பொருத்தியவர் ஜெர்மனியின் ஹன்னலோரே வெபர். அவருடைய குழு 2014இல் வெளியிட்ட சோதனையில், சினமூட்டும் சிறு நிகழ்ச்சிகள் தரப்பட்டு, சினத்தைக் குறைக்கக்கூடிய வேறு விளக்கங்களைக் குறித்த நேரத்துக்குள் இயன்ற அளவு எழுதும்படி கேட்கப்படுகிறது. செங்கல் சோதனையைப் போலவே எண்ணிக்கையும் வகைகளும் மதிப்பிடப்படுகின்றன. விரிசிந்தனையில் வல்லவர்களும், புதியவற்றுக்கு மனம் திறந்தவர்களும் இதில் கூடுதலான விளக்கங்களைத் தருகின்றனர். எனினும், கேட்டால் பல விளக்கங்களைச் சொல்லக்கூடிய திறனும், கோபம் வரும் வேளையில் அதைக் கையில் எடுக்கும் பழக்கமும் ஒன்றல்ல. ஒன்று கருவி, மற்றொன்று அதை எடுத்துப் பழகிய கை.

பயன்தரும் மறுபொருளின் இயல்புகள்

எல்லா மறுவிளக்கங்களும் ஒரே அளவில் உதவுவதில்லை. பயன்தரும் மறுபொருளுக்கு மூன்று இயல்புகள் தேவை எனலாம்.

முதலாவது, பன்மை. ஒரே மாற்று விளக்கம் கிடைத்தால் மனம் அதைப் பழைய விளக்கத்தோடு மோதவிட்டு, பெரும்பாலும் பழையதையே தேர்ந்தெடுக்கும். ஐந்து விளக்கங்கள் இருந்தால் முதல் விளக்கம் பலவற்றுள் ஒன்றாகி விடுகிறது. "வேறு பிரிவுக்கு மாற்றுவது குறித்துப் பேசலாம், புதிய பணியாளரை அறிமுகப்படுத்தலாம், முந்தைய வார அறிக்கையில் ஐயம் இருக்கலாம், அவரே ஏதேனும் உதவி கேட்கலாம், பேசி முடித்தபின் கண்டிக்கவும் செய்யலாம்" என்று பட்டியல் நீளும்போது, அஞ்சியதும் அதில் இடம்பெறுகிறது, ஆனால் அது மட்டுமே நிற்பதில்லை.

இரண்டாவது, வகை வேறுபாடு. எதிராளியின் நோக்கத்தை வேறாகக் காண்பது ஒரு வகை. பின்விளைவைக் குறைவாக மதிப்பது இன்னொரு வகை. தனக்கு இருக்கும் வலிமையை எண்ணுவது மற்றொரு வகை. காலத்தை நீட்டிப் பார்ப்பது வேறொரு வகை. ஒரே வகையில் பத்து விளக்கங்கள் காண்பதைவிட நான்கு வகையில் ஒவ்வொன்று காண்பது சிந்தனையின் இறுக்கத்தை அதிகம் தளர்த்தும்.

மூன்றாவது, நம்பத்தகுமை. ஆக்கச் சிந்தனையின் வரையறையிலேயே புதுமையும் பயனும் சேர்ந்தே இருக்க வேண்டும். "எல்லாம் நன்மைக்கே" என்ற ஆறுதல் சொல்பவருக்கு எளிது. கேட்பவரின் மனம் அதை ஏற்காவிட்டால் அது பயனற்றது. சில வேளைகளில் புண்ணைக் கிளறவும் செய்யும்.

இதற்கு வியன்னா உளமருத்துவர் விக்டர் ஃபிராங்கல் தம் நூலில் கூறும் நிகழ்வு நல்ல எடுத்துக்காட்டு. மனைவியை இழந்து இரண்டு ஆண்டுகள் ஆகியும் துயரத்திலிருந்து மீளாத முதிய மருத்துவர் ஒருவர் அவரிடம் வந்தார். ஃபிராங்கல் ஆறுதல் சொல்லவில்லை. நீங்கள் முதலில் இறந்து மனைவி தனித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார். அவளால் அதைத் தாங்கியிருக்க முடியாது என்றார் முதியவர். அப்படியானால் அந்தத் துன்பம் அவருக்கு வராமல் காத்தது நீங்களே, அதற்கான விலையைத்தான் இப்போது தனித்திருந்து செலுத்துகிறீர்கள் என்று ஃபிராங்கல் விளக்கினார். முதியவர் பேசாமல் அவருடைய கையைப் பற்றிக் குலுக்கிவிட்டுச் சென்றார். மனைவி திரும்பவில்லை, துயரமும் மறையவில்லை. பொருளற்றதாக இருந்த துயரம் ஒரு பொருளைப் பெற்றது. இன்னொருவருக்கு இதே விளக்கம் பயன்படாமல் போகலாம். அது அவருடைய வாழ்க்கையிலிருந்தே எடுக்கப்பட்டதால் பொருந்தியது.

மூளையில் நிகழ்வது

2002இல் கெவின் ஆக்ஸ்னரும் அவருடன் பணியாற்றியவர்களும் காந்த அதிர்வு மூளைப்பட முறையைப் பயன்படுத்தி மறுமதிப்பீட்டை ஆராய்ந்தனர். மனத்தைக் கலக்கும் படங்களைக் காட்டி, சிலவற்றை அவ்வாறே உணரும்படியும், சிலவற்றுக்கு வேறு பொருள் காணும்படியும் கேட்டனர். வேறு பொருள் காணும்போது, திட்டமிடல், மொழி, நினைவைக் கையாளல் ஆகியவற்றில் ஈடுபடும் முன்மூளைப் பகுதிகளின் செயல்பாடு கூடியது. அச்சம் போன்ற உணர்ச்சிகளில் பங்குபெறும் அமிக்டலா என்னும் பகுதியின் செயல்பாடு குறைந்தது.

இதிலிருந்து நடைமுறைக்கு உதவும் செய்தி ஒன்று கிடைக்கிறது. மறுமதிப்பீடு உழைப்பு தேவைப்படும் செயல். பசி, தூக்கமின்மை, களைப்பு, கடும் பதற்றம் ஆகியவை அதே முன்மூளைப் பணிகளைத் தளர்த்துகின்றன. நள்ளிரவில் பெரிதாகத் தெரிந்த கவலை காலையில் சிறிதாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வழிமுறைகள்

தொலைவிலிருந்து காணல். தன் நிலையை வெளியே நிற்கும் ஒருவரின் கண்ணால் காண்பது கற்பனையின் எளிய பயன்பாடு. ஈதன் கிராஸும் அவர் குழுவினரும் 2014இல் வெளியிட்ட ஆய்வுகளில், மேடைப்பேச்சுக்கு முன் "நான்" என்று எண்ணாமல் தம் பெயரைச் சொல்லித் தம்மோடு பேசிக்கொண்டவர்கள் குறைவான பதற்றத்தோடு பேசினர். ஃபிராங்கலும் நாசி வதைமுகாமில் புண்பட்ட கால்களோடு வேலைக்கு நடந்த நாளொன்றில், தாம் வெளிச்சம் நிறைந்த அரங்கில் நின்று வதைமுகாமின் உளவியல் பற்றி விரிவுரை ஆற்றுவதாகக் கற்பனை செய்ததைப் பதிவுசெய்துள்ளார். அனுபவித்துக்கொண்டிருந்த துன்பமே அந்த நேரத்துக்கு ஆய்வுப் பொருளாகியது.

பெயரிடல். உணர்ச்சிக்குத் துல்லியமான பெயர் கொடுப்பதே அதைச் சற்றுத் தணிக்கிறது என மேத்யூ லீபர்மன் குழுவினரின் 2007ஆம் ஆண்டு மூளைப்பட ஆய்வு காட்டியது. "மனசு சரியில்லை" என்பதைவிட ஏமாற்றம், பொறாமை, குற்றவுணர்வு, ஏக்கம் என்று பிரித்துச் சொல்வது எதைச் செய்ய வேண்டும் என்பதற்கும் வழிகாட்டுகிறது. பெயரை மாற்றுவதும் உதவலாம். அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பாடுதல், பேசுதல், கணக்குப் போடுதல் ஆகியவற்றுக்கு முன் தம் படபடப்பை உற்சாகம் என்று சொல்லிக்கொண்டவர்கள் மேலும் சிறப்பாகச் செய்தனர். பதற்றத்திலும் உற்சாகத்திலும் நெஞ்சு துடிப்பது ஒன்றே என்பதால் இந்த மாற்றம் நம்பத்தக்கதாக அமைகிறது.

எழுதுதல். ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தம்மைப் பாதித்த நிகழ்வுகளைத் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினர். நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் எழுதிய அன்று கூடுதலாக வருந்தினர். ஆனால் அடுத்த ஆறு மாதங்களில் நலமையத்துக்குச் செல்வது அவர்களிடையே குறைவாக இருந்தது. நாள்கள் செல்லச் செல்ல "ஏனெனில்", "புரிகிறது" போன்ற சொற்கள் யாருடைய எழுத்தில் கூடினவோ, அவர்களே அதிகப் பயன்பெற்றனர் எனப் பின்னாளில் கண்டறியப்பட்டது. கொட்டித் தீர்ப்பதைவிடக் கோத்துப் பார்ப்பதே உதவுகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கும்போது சராசரிப் பயன் சிறியதே. எனினும் செலவற்ற வழி என்பதால் இதற்கு மதிப்பு உண்டு.

வரைதலும் கைவேலையும். பிரித்தானிய ஓவியர் ஏட்ரியன் ஹில் காசநோய் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றபோது வரைதல் தமக்கும் பிற நோயாளிகளுக்கும் உதவியதைக் கண்டு, 1940களில் கலைச் சிகிச்சை என்ற சொல்லை வழக்குக்குக் கொண்டுவந்தார். எலன் வின்னர் குழுவினர் அமெரிக்காவில் நடத்திய ஆய்வுகளில் ஒரு நுட்பம் வெளிப்பட்டது. வருத்தமூட்டும் படத்தைப் பார்த்தபின், அந்த வருத்தத்தையே வரைந்தவர்களைவிட வேறொன்றை வரைந்தவர்களின் மனநிலை விரைவில் மேம்பட்டது. குறுகிய கால ஆறுதலுக்கு மனத்தை வேறிடத்தில் ஊன்றச் செய்யும் கைவேலையே போதும். கோலமிடுதல், பின்னல், தையல் ஆகியவையும் இவ்வகையில் உதவக்கூடியவை.

நகைச்சுவை. ஒன்றை இரு பொருளில் காண்பதே நகைச்சுவையின் அமைப்பு. ஆதலால் அது மறுமதிப்பீட்டுக்கு நெருங்கிய உறவு. ஆண்ட்ரியா சாம்சனும் ஜேம்ஸ் கிராஸும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், மனிதக் குறைபாடுகளைப் பரிவோடு நோக்கும் நகைச்சுவை, இழிவுபடுத்தும் கேலியைவிட மனநிலையை நன்கு உயர்த்தியது. திருக்குறளின் "இடுக்கண் அழியாமை" அதிகாரமும் துன்பம் வரும்போது நகைப்பதைப் பற்றியே தொடங்குகிறது.

ஒப்பாரி. தமிழ்ச் சமூகத்தில் துயரத்தை ஆக்கத்தால் கையாண்ட மரபுகளுள் ஒப்பாரி முதன்மையானது. இறப்பு வீட்டில் பெண்கள் கூடிப் பாடும் இதில் மெட்டும் உவமைகளும் மரபாக வருபவை. இறந்தவரின் பெயர், ஊர், தொழில், அவர் செய்தவை ஆகியவற்றைப் பாடுபவர் அந்த நேரத்திலேயே இட்டு நிரப்புகிறார். உடன்பிறந்தோர் மீதும் புகுந்த வீட்டின் மீதும் உள்ள, மற்ற நாட்களில் வாய்திறந்து சொல்ல இயலாத மனக்குறைகளும் அதில் இடம்பெறும். வடிவமற்ற அழுகைக்கு வடிவமும், தனிமைக்கு ஒரு கூட்டமும், ஊமையாகக் கிடந்த குறைக்குச் சொல்லும் கிடைக்கின்றன. மேலே கண்ட பெயரிடல், கோத்துச் சொல்லல் ஆகியவை இங்கே பாட்டாக நிகழ்கின்றன.

எல்லைகள்

மறுமதிப்பீடு எல்லா நேரத்துக்கும் உரிய மருந்து அன்று. நான்கு எல்லைகளைக் கருத வேண்டும்.

முதலாவது, உணர்ச்சியின் வேகம். உணர்ச்சி மிதமாக இருக்கும்போது மக்கள் மறுமதிப்பீட்டையும், கடுமையாக இருக்கும்போது கவனத் திருப்பலையும் தேர்ந்தெடுக்கின்றனர் என்று காள் ஷெப்பெஸ் குழுவினரின் 2011ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. இது பொருத்தமான தேர்வே. வெள்ளம் பாயும்போது மதகைத் திருத்த முடியாது. மூச்சைச் சீராக்குவது, தண்ணீர் குடிப்பது, சிறிது நடப்பது, பேச்சைத் தள்ளிவைப்பது ஆகியவற்றுக்குப் பின்னரே வேறு பொருளைத் தேட முடியும்.

இரண்டாவது, மாற்றக்கூடிய சூழல். அலிசன் டிராய் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், தம்மால் மாற்ற இயலாத இடர்களைச் சந்தித்தவர்களிடையே மறுமதிப்பீட்டில் வல்லவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. தம்மால் மாற்றக்கூடிய இடர்களில் இருந்தவர்களிடையே நிலை தலைகீழானது. மறுமதிப்பீட்டில் வல்லவர்களுக்கே மனச்சோர்வு கூடுதலாக இருந்தது. மேலாளரின் ஒரு செய்திக்கு ஐந்து விளக்கம் காண்பது நல்லது. அவர் நாள்தோறும் இழிவாகப் பேசுகிறார் என்றால், "அவருக்கு என்ன சுமையோ" என்று ஒவ்வொரு நாளும் புதுப்புது விளக்கம் கண்டுகொண்டிருப்பது நல்லதன்று. குடும்ப வன்முறையிலும், சாதி இழிவிலும், கூலி மறுக்கப்படும் இடத்திலும் சினம் என்பது சரிசெய்ய வேண்டிய கோளாறு அன்று. அது ஒரு தகவல். அங்கே ஆக்கச் சிந்தனை சூழலை மாற்றுவதற்கான வழிகளைத் தேடுவதில் செலவாக வேண்டும்: யாரிடம் முறையிடுவது, யாரைத் துணைக்கு அழைப்பது, எப்படி வெளியேறுவது என்று. பிறர் துன்பத்துக்கு மறுவிளக்கம் சொல்ல முனைபவர்களும் இதை நினைவில் கொள்வது நல்லது.

மூன்றாவது, கற்பனையின் மறுபக்கம். கவலை என்பதும் கற்பனையின் வேலையே. வராத நோயையும் நடக்காத விபத்தையும் விவரமாகக் கட்டி எழுப்ப வளமான மனம் வேண்டும். அசைபோடுதல் எனப்படும், ஒரே துயரத்தை மீண்டும் மீண்டும் எண்ணும் பழக்கம், மனச்சோர்வை நீட்டிக்கிறது என்பதை சூசன் நோலன்-ஹோக்செமாவின் நெடுநாள் ஆய்வுகள் நிறுவின. இரண்டையும் பிரித்தறிய எளிய அடையாளம் உண்டு. ஆக்கச் சிந்தனையில் ஒவ்வொரு சுற்றிலும் புதிய விடை கிடைக்கும். அசைபோடுதலில் அதே விடை ஒவ்வொரு முறையும் கூடுதல் கசப்போடு திரும்பும்.

நான்காவது, நோய்நிலை. தீவிர மனச்சோர்வு, பேரதிர்ச்சிக்குப் பிந்தைய பாதிப்பு, தற்கொலை எண்ணம் ஆகியவற்றுக்கு இம்முறைகள் சிகிச்சைக்கு மாற்றாகா. உறக்கமும் பசியும் வேலையும் இரண்டு வாரங்களுக்கு மேல் குலைந்திருந்தால் மருத்துவரை நாடுவது தேவை. இந்தியாவில் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவையும், இலங்கையில் 1926 என்ற எண்ணில் தேசிய மனநல நிறுவனத்தின் சேவையும் தொலைபேசி வழியே உதவுகின்றன.

பழகும் முறை

மறுமதிப்பீட்டைப் பெருந்துயரில் தொடங்கிப் பழக இயலாது. பேருந்து தவறியது, நண்பர் தொலைபேசியை எடுக்கவில்லை, கடைக்காரர் சிடுசிடுத்தார் என்பன போன்ற சிறு நிகழ்வுகளே பயிற்சிக்கு ஏற்றவை. உணர்ச்சிக்குப் பெயரிடுதல், மனம் முதலில் கொடுத்த பொருளை ஒரே வரியில் எழுதுதல், அது உண்மை என்பதற்கு உள்ள சான்றைக் குறித்தல், வேறு வகைகளில் மூன்று விளக்கங்களையேனும் சேர்த்தல், இறுதியில் மாற்றக்கூடியது எது என்று கேட்டல் என்ற வரிசை நடைமுறைக்கு எளிது.

இந்த வரிசையில் கடைசிக் கேள்வியை விட்டுவிடாமல் இருப்பது முக்கியம். குறுஞ்செய்தி பெற்ற பணியாளர் ஐந்து விளக்கங்களை எழுதி முடித்தபின், அவற்றுள் எது சரி என்று இரவு முழுவதும் ஆராயத் தேவையில்லை. படபடப்பு சற்றுத் தணிந்ததும், "எது குறித்து என்று சொல்ல முடியுமா?" என்று பதில் அனுப்பும் எண்ணம் அவருக்குத் தோன்றலாம். அச்சத்தின் பிடியில் இருந்தபோது அந்த எளிய வழி அவருடைய கண்ணில் பட்டிருக்காது. வேறு பொருள் காண்பதன் பயன் மன அமைதியோடு முடிவதில்லை. அடுத்துச் செய்ய வேண்டியதைக் காணும் தெளிவையும் அது தருகிறது.